கடற்பாம்பும் அச்சத்தின் அளவும்

அரபுக் கடலோடிகளுள் தலைசிறந்தவராகப் போற்றப்படும் அஹ்மத் இப்னு மாஜித், கி.பி. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'கிதாபுல் ஃபவாயித்' என்னும் கடல்நூலை இயற்றினார். விண்மீன்களையும் பருவக்காற்றையும் துறைமுகங்களையும் பேசும் அந்நூல் மரபு, கரை நெருங்குவதை மாலுமிக்கு உணர்த்தும் அடையாளங்களுக்கும் தனி இடம் தந்திருந்தது. பறவைகளின் வரவு, நீரின் நிறமாற்றம், ஆழம் பார்க்கும் ஈயக்குண்டில் ஒட்டிவரும் சேறு ஆகியவற்றின் வரிசையில் கடற்பாம்பும் ஓர் அடையாளமாக எண்ணப்பட்டது. அவருக்கு ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன்னர், பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' நூலும் இதே செய்தியைத் தருகிறது. சிந்து நதியின் முகத்துவாரத்தை அணுகும் கலங்களைப் பாம்புகள் எதிர்கொள்ளும் என்றும், மலபார்க் கரையை நெருங்கும்போது தென்படுபவை கருநிறமுடையவை என்றும் அது குறிக்கிறது.

இதன் காரணம் எளிது. கடற்பாம்புகளுள் பெரும்பாலானவை கரையோர ஆழமற்ற நீரிலேயே வாழ்கின்றன. செங்கடலில் அவை இல்லை. ஏடனிலிருந்து புறப்பட்ட கப்பல், ஆழமான அரபிக் கடலைக் கடக்கும் நாள்களில் அவற்றை அரிதாகவே காணும். இந்தியக் கரையோரத் திட்டின் மேல் வந்ததும் அவை நீர்ப்பரப்பில் தலை காட்டத் தொடங்கும். இரவில் கரை தட்டிவிடுமோ என அஞ்சிய மாலுமிக்கு, நஞ்சுடைய அந்த உயிரே வழி சொல்லும் துணையாயிற்று.

ஆபத்தான ஓர் உயிரை எவ்வாறு எதிர்கொள்வது என்னும் கேள்விக்கு அந்த மாலுமிகள் கண்ட விடை இது. அவர்கள் பாம்பைக் கண்டு வெருளவுமில்லை, அதைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடவுமில்லை, கவனித்தார்கள். அதே கேள்விக்கு மீனும் பறவையும் மனிதனும் வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கின்றனர். அவற்றை ஒப்பிட்டு நோக்கினால், அச்சத்துக்கும் ஓர் அளவு உண்டு என்பதும், அந்த அளவு தவறுமிடத்தில்தான் உயிர் போகிறது என்பதும் விளங்கும்.

நீருக்குள் திரும்பிய பாம்பு

இன்று அறியப்பட்டுள்ள கடற்பாம்பு இனங்கள் ஏறத்தாழ 70. நாகமும் கட்டுவிரியனும் சேர்ந்த குடும்பத்தையே இவையும் சார்ந்தவை. நிலத்தில் வாழ்ந்த முன்னோரிடமிருந்து கிளைத்து, கடலுக்குள் திரும்பியவை. இவற்றின் வால் துடுப்பைப் போலத் தட்டையானது. நீருக்குள் அமிழும்போது மூக்குத் துளைகள் தாமாக மூடிக்கொள்கின்றன. நாவின் அடியிலுள்ள சுரப்பி, உடலில் மிகும் உப்பை வெளியேற்றுகிறது. நுரையீரல் உடலின் பெரும்பகுதி நீளத்துக்கு நீண்டிருக்கிறது. போதாக்குறைக்குத் தோலின் வழியாகவும் இவை நீரிலுள்ள பிராணவாயுவை ஈர்க்கின்றன. ஆயினும் இவை மீன்கள் அல்ல. மூச்சுக்காக மேற்பரப்புக்கு வந்தே ஆகவேண்டும்.

இவற்றுள் இரு பெரும் பிரிவுகள் உண்டு. வளையக் கோடுகளையுடைய கடற்கட்டுவிரியன்கள் கரையேறி முட்டையிடுகின்றன. மற்றவை கடலிலேயே குட்டி ஈன்று, கரையை நாடாமலே வாழ்ந்து முடிகின்றன. மஞ்சள்வயிற்றுக் கடற்பாம்பு எனப்படும் ஓரினம் ஆப்பிரிக்கக் கரை முதல் அமெரிக்காவின் பசிபிக் கரை வரை பரவியுள்ளது. அட்லாண்டிக் பெருங்கடலிலோ கடற்பாம்பே இல்லை. இந்த இன்மை பின்னர் நமக்கு ஒரு பெரும் பாடத்தைக் கற்பிக்கப் போகிறது.

கடற்பாம்பின் நஞ்சு இரையைப் பிடிப்பதற்கென அமைந்தது. நிலத்துப் பாம்பு எலியைக் கடித்து விட்டுவிட்டால், மோப்பம் பிடித்துப் பின்தொடரலாம். கடலில் கடிபட்ட மீன் தப்பினால் நீரோட்டத்தில் மறைந்துபோகும். எனவே கணப்பொழுதில் மீனைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு அதற்கு இன்றியமையாதது. நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் ஆணையை அந்நஞ்சு தடுக்கிறது. சில இனங்களில் தசை இழைகளையே சிதைக்கிறது. பகைவரை விரட்டுவதற்காக அந்த விலையுயர்ந்த பொருளை வீணாக்க அது எளிதில் முனைவதில்லை.

பிற உயிர்களின் விடைகள்

1960களில் பனாமா நிலப்பகுதியை வெட்டி, மதகுகள் இன்றிக் கடல்மட்டத்திலேயே ஒரு கால்வாய் அமைக்கும் திட்டம் பேசப்பட்டது. அது நிறைவேறியிருந்தால் பசிபிக்கின் கடற்பாம்புகள் அட்லாண்டிக்குக்குள் நுழைய வழி பிறந்திருக்கும். அப்போது என்ன நேரும் என்பதை அறிய ரூபினாஃப், குரோபாக் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து, அதன் முடிவை 1970இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். இரு கடல்களின் கொன்றுண்ணி மீன்களுக்கும் அவர்கள் மஞ்சள்வயிற்றுக் கடற்பாம்பைக் காட்டினர். பசிபிக் மீன்கள் அதனைத் தீண்டாது ஒதுங்கின. அதனோடு பழகியிராத அட்லாண்டிக் மீன்களுள் சில அதனை இரையெனக் கருதிப் பாய்ந்தன. அவற்றுள் சில கடிபட்டு மடிந்தன. தோற்றத்திலும் பசியிலும் ஒத்த உயிர்களைப் பிரித்தது அப்பாம்போடு கொண்ட நெடுங்கால உறவு ஒன்றே.

இந்த அறிவு ஒவ்வோர் உயிரும் பட்டுத் தெரிந்துகொள்வதா, பிறப்பிலேயே வருவதா? நஞ்சு கொடியதாயின் பட்டறிவுக்கு இடமில்லை. முதற் பாடமே இறுதிப் பாடமாகிவிடும். 1983இல் கால்டுவெல், ரூபினாஃப் ஆகியோர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதற்கு ஒளி தருகிறது. கூட்டிலிருந்து எடுத்துக் கையால் வளர்க்கப்பட்ட, பாம்பையே கண்டிராத நாரைக் குஞ்சுகளுக்கும் கொக்குக் குஞ்சுகளுக்கும் கடற்பாம்பு காட்டப்பட்டது. அவை அதனை உண்ண முற்படாது விலகின. எவரும் கற்பிக்காத எச்சரிக்கை அவற்றின் பிறப்போடு வந்திருந்தது.

இந்த அச்சத்தை முதலாக்கி வாழும் உயிர்களும் உள. நஞ்சற்ற ஒருவகை விலாங்கு, கடற்கட்டுவிரியனைப் போலவே கருப்பு வெள்ளை வளையங்களை அணிந்து, பகல் வெளிச்சத்தில் பவளத்திட்டுகளிடையே உலவுகிறது. இந்தோனேசியக் கடலில் வாழும் போலிசெய் கணவாய் ஒன்றைப் பற்றி 2001இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிறு மீன்கள் தன்னைத் தாக்க வரும்போது அது ஆறு கைகளை வளைக்குள் மறைத்து, எஞ்சிய இரண்டை எதிரெதிர்த் திசைகளில் நீட்டி, வளையக் கடற்பாம்பின் வடிவைக் காட்டுகிறது. தானே அஞ்சாத ஒன்று பிறரின் அச்சத்தை அறிந்ததுபோல நடந்துகொள்வது வியப்புக்குரியது.

அஞ்சாத உயிர்களும் உண்டு. நம் கரைகளிலும் காணப்படும் வெண்வயிற்றுக் கடற்கழுகு, மூச்சுக்காக மேலெழும் கடற்பாம்பை உகிரால் பற்றித் தூக்கிச் செல்கிறது. புலிச்சுறாவின் வயிற்றில் கடற்பாம்புகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. இவற்றின் முன் பாம்பே அஞ்சும் நிலையில் உள்ளது. இன்னும் சில மீன்களோ அஞ்சவும் இல்லை, தாக்கவும் இல்லை. கிழக்கிந்தியத் தீவுக் கடல்களில் கடற்கட்டுவிரியன் பவள இடுக்குகளுக்குள் தலை நுழைத்து இரை தேடும்போது, பாரை மீன்கள் அதனைப் பின்தொடர்கின்றன. இடுக்கிலிருந்து வெளியே தப்பியோடும் சிறு மீன் பாரைக்கு இரை. பாரைக்கு அஞ்சி உள்ளே ஒடுங்குவது பாம்புக்கு இரை.

ஆக, நெடுங்காலம் உடன் வாழ்ந்த உயிர்கள் ஒவ்வொன்றும் தன் வலிமைக்கும் வாழ்முறைக்கும் ஏற்ற அளவில் அப்பாம்பை மதிக்கக் கற்றுள்ளன. மனிதனுக்கு மட்டும் அந்த அளவு பிறப்பில் வாய்க்கவில்லை. அவன் அதனைத் தேடிப் பெறவேண்டியிருக்கிறது.

மிகையும் குறையும்

மனிதன் அஞ்சவேண்டாத இடத்தில் மிகையாக அஞ்சுகிறான் என்பதற்கு ஒரு சான்று. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் நீர்மூழ்குவோரை நோக்கி ஆலிவ் நிறக் கடற்பாம்புகள் விரைந்து வருவதும், கால்களைச் சுற்றிக்கொள்வதும் நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. இதனைத் தாக்குதல் என்றே பலரும் எண்ணினர். 1990களின் நடுவில் திரட்டிய 158 சந்திப்புகளின் குறிப்புகளை ஆராய்ந்து லிஞ்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2021இல் வேறொரு விளக்கம் தந்தனர். 74 சந்திப்புகளில் பாம்பு மனிதனை அணுகியது. பெண் பாம்பைத் தேடியலையும் இணைசேரும் பருவத்து ஆண் பாம்புகளிடம் இந்நடத்தை மிகுந்திருந்தது. பெண்ணைத் தவறவிட்ட ஆண், நீரில் அசையும் பெரிய உருவத்தை அவளெனப் பிழையாக எண்ணி நெருங்குகிறது. அவ்வேளையில் அசையாது நின்று, அது நாவால் தடவி அறிந்து விலக இடங்கொடுப்பதே தக்கது என்பது அவர்களின் அறிவுரை. பதறி விரட்டுவதும் உதைப்பதும்தான் கடியை வருவித்துக்கொள்ளும் வழி.

நியூ கலிடோனியாவின் நூமியா நகரில், குளிப்போர் நிறைந்த ஒரு சிறு விரிகுடாவில் பெருங்கடற்பாம்பு என்னும் நஞ்சுடைய இனம் வாழ்கிறது. அங்குப் பொழுதுபோக்காக நீந்தும் முதிய பெண்மணிகள் சிலர் ஆய்வாளர்களோடு சேர்ந்து, பாம்புகளின் வாலில் உள்ள குறிகளைப் படம்பிடித்து 240க்கும் மேற்பட்ட பாம்புகளைத் தனித்தனியே அடையாளம் கண்டனர். 2019இல் வெளியான அந்த ஆய்வுக்கு முன், அவ்வளவு பாம்புகளிடையே தாம் நீந்திவந்ததை அவ்வூரார் அறிந்திருக்கவில்லை.

இவற்றைக் கண்டு, கடற்பாம்பு தீங்கற்றது என முடிவு செய்வோமாயின் அது எதிர்ப்புறத்துப் பிழையாகும். கடற்பாம்பின் வாய் மிகச் சிறியது, அதனால் மனிதனைக் கடிக்க இயலாது என்னும் கூற்று இன்றும் உலவுகிறது. அது உண்மையன்று. வலையில் சிக்கி நசுங்கும் பாம்பும், சேற்றில் மிதிபட்ட பாம்பும் கடிக்கவே செய்கின்றன. 2018 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் வடகரைக்கு அப்பால் மீன்பிடி கப்பலில் வலை இழுத்துக்கொண்டிருந்த 23 வயது இளைஞர் ஒருவர் கடற்பாம்பு கடித்து உயிரிழந்தார்.

இத்தகைய சாவுகளுக்குப் பெரிதும் காரணமான இனத்துக்கு நம் கரையோடு ஒரு பழந்தொடர்பு உண்டு. வளைந்த மூக்கு நுனியுடைய அந்தப் பாம்பு 1803இல் அறிவியல் பெயர் பெற்றது. பின்னர் 1827இல் அதற்குச் சூட்டப்பட்ட மற்றொரு இலத்தீன் பெயரில் 'வலக்கடியன்' என்னும் தமிழ்ச்சொல் இடம்பெற்றது. சோழமண்டலக் கரையின் பாம்புகளைத் தொகுத்து, 1796 முதல் நூலாக வெளியிட்ட பேட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவர் உள்ளூர்ப் பெயர்களையும் பதிவு செய்தவர். இந்தியா வருமுன் ஹலப் நகரில் பல்லாண்டுகள் மருத்துவம் பார்த்தவர். 'வலையில் கடிப்பவன்' என்றே அச்சொல்லை நமக்குப் படிக்கத் தோன்றுகிறது. ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை மீனவர் அப்பெயரிலேயே சொல்லி வைத்திருக்கின்றனர்.

வலியில்லாத கடி

தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கு நெடுநாள் உறவுடைய பினாங்கு நகரின் அரசு மருத்துவமனையில், 1950களில் அலிஸ்டர் ரெய்ட் என்னும் மருத்துவர் பணியாற்றினார். வடமேற்கு மலாயாவின் மீனவச் சிற்றூர்களை ஆராய்ந்து, கடற்பாம்புக் கடியைப் பற்றிய இன்றைய மருத்துவ அறிவுக்கு அடித்தளமிட்டவர் அவரே. அவர் கண்ட உண்மைகள் இரண்டு நமக்கு முதன்மையானவை.

முதலாவது, கடிபட்டோரில் பெரும்பாலோருக்கு நஞ்சு ஏறுவதில்லை, அல்லது மிகச் சிறிதே ஏறுகிறது. வலக்கடியனின் நஞ்சு ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராம் இருந்தால் மனித உயிருக்குப் போதும் என்று மதிப்பிடுவர். ஒரு பாம்பிடம் சராசரியாக அதைப்போல் ஐந்து மடங்கு உண்டு. ஆயினும் தற்காப்புக்காகக் கடிக்கும்போது அது அதனைச் செலவிடாமலே விடுவது மிகுதி. கடிபட்ட பலர் தாமாகவே பிழைத்துக்கொள்வதால், கட்டிய வேருக்கும் ஓதிய மந்திரத்துக்கும் பெருமை போய்ச்சேர்கிறது. அந்தப் பெருமையை நம்பி, உண்மையில் நஞ்சேறியவரும் வீட்டிலேயே கிடந்துவிடுகிறார்.

இரண்டாவது, நஞ்சேறிய கடியிலும் தொடக்கத்தில் வலியில்லை. முள் தைத்தாற்போல ஒரு குத்து, வீக்கமில்லை, நிறமாற்றமில்லை. அரைமணி முதல் சில மணி நேரத்துக்குள் உடலெங்கும் தசைவலி தொடங்குகிறது. கழுத்தும் கைகால்களும் அசைக்க இயலாதவாறு விறைக்கின்றன. தாடை இறுகுகிறது, இமை சரிகிறது. சிதைந்த தசையிலிருந்து வெளிப்படும் செம்பொருள் சிறுநீரைக் கருஞ்சிவப்பாக்குகிறது. அது சிறுநீரகத்தை அடைத்துச் செயலிழக்கச் செய்யலாம். குருதியில் மிகும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தலாம். மூச்சுத்தசைகள் ஓய்ந்து போகலாம். நாகம் தீண்டினால் ஊரே கூடுகிறது. கடற்பாம்பு கடித்தவரோ கையை உதறிவிட்டு அடுத்த பாட்டுக்கு வலை வளைக்கப் போகிறார். வலியில்லாததால் அச்சமில்லை, அச்சமில்லாததால் காலம் கழிகிறது.

இங்கே நாம் ஒரு கசப்பான உண்மையை எதிர்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1960களின் தொடக்கத்திலேயே வலக்கடியனின் நஞ்சைக் கொண்டு கடற்பாம்பு நச்சுமுறி மருந்து உருவாக்கப்பட்டது. பிற கடற்பாம்பு இனங்களின் நஞ்சுக்கும் அது பயன்படுகிறது. இந்தியாவில் ஆக்கப்படும் பன்முக நச்சுமுறி மருந்தோ நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கு உரியது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் திரட்டித் தரும் நஞ்சும் இந்த நான்கின் நஞ்சே. அம்மருந்தைக் கடற்பாம்புக் கடிக்குச் செலுத்துவதால் பயன் விளைவதில்லை. ஒவ்வாமை நேரும் இடர் மட்டும் மிஞ்சும். அந்தச் சங்கம் இருப்பதும் கடலோரத்திலேயே. அதன் வாயிலுக்கு எதிரே வலை இழுப்பவனுக்கு உரிய மருந்து நம்மிடம் இல்லை. பாம்புக்கடியை உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இந்திய அரசு 2024 மார்ச்சில் பாம்புக்கடிக்கென ஒரு தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. நிலத்துக்கு வந்த இக்கவனம் கடலையும் எட்டவேண்டும் என்பதே நம் எதிர்பார்ப்பு.

மருந்து இல்லை என்பதால் உயிர் போய்த்தான் ஆகவேண்டும் என்பதில்லை. உரிய நேரத்தில் செயற்கை மூச்சும் குருதித் தூய்மிப்பும் கிடைத்தால் நஞ்சின் வேகம் தணியும்வரை நோயாளியைக் காக்க இயலும். எனவே கடிபட்டவர் நடக்கலாகாது, வலை இழுக்கலாகாது. கடிபட்ட உறுப்பை அசையாது பலகை வைத்துக் கட்டி, அவ்வசதிகள் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். கடிவாயைக் கீறுவதும் உறிஞ்சுவதும் கயிற்றால் இறுகக் கட்டுவதும் தீங்கே தரும். ஒன்றும் நேரவில்லை எனத் தோன்றினாலும் சில மணி நேரம் மருத்துவரின் கண்காணிப்பில் இருப்பதும், சிறுநீரின் நிறத்தைக் கவனிப்பதும் இன்றியமையாதவை. மடியைக் கொட்டியதும் வெறுங்கையால் துழாவாமல், சிக்கிய பாம்பை நீண்ட கோலால் எடுத்துக் கடலில் விடும் பழக்கம் கடிகளுள் பலவற்றைத் தவிர்த்துவிடும்.

மறுபுறக் கணக்கு

கடியின் கணக்கோடு மறுபுறக் கணக்கையும் பார்ப்பது நீதி. தாய்லாந்து வளைகுடாவில் கணவாய் பிடிக்கும் வியட்நாமியப் படகுகள், இறைச்சிக்கும் மருந்துக்கும் தோலுக்குமாகக் கடற்பாம்புகளையும் பிடித்து விற்கின்றன. ஆண்டுதோறும் 80 டன்னுக்கு மேல், எண்ணிக்கையில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பாம்புகள் கரையேறின என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இழுவலையில் சிக்கி, மூச்சுக்கு மேலெழ இயலாமல் மூழ்கி மடிபவை வேறு. குட்டி ஈன்று மெல்லப் பெருகும் உயிர் இந்த இழப்பை ஈடுசெய்வது அரிது. கழுகுக்கும் சுறாவுக்கும் ஈடுகொடுத்து வாழ்ந்த கடற்பாம்பு, மனிதனிடமிருந்து தப்பும் வழியைப் பிறப்பில் கொண்டு வரவில்லை.

நாரைக் குஞ்சுக்கு அச்சம் பிறப்பிலேயே அளந்து தரப்பட்டது. அட்லாண்டிக் மீனுக்கு அது தரப்படவில்லை. தன் அறியாமையின் விலையை அது உயிரால் கொடுத்தது. நமக்கோ கவனிக்கும் கண்ணும், கண்டதைப் பெயரிட்டு அடுத்தவருக்குச் சொல்லும் மொழியும் தரப்பட்டுள்ளன. அந்த வழியில்தான் பழைய மாலுமிகள் பாம்பைக் கரையின் அடையாளமாக்கினர். நம் மீனவர் அதற்கு வலக்கடியன் என்று பெயரிட்டனர். கடலில் அதனை விட்டு விலகவும், வலையில் அதனைக் கண்டால் கையை இழுத்துக்கொள்ளவும், கடித்துவிட்டால் வலியில்லை என்று ஏமாறாதிருக்கவும் தெரிந்தவனே அதற்கு அஞ்சும் அளவை அறிந்தவன். அந்த அறிவு இரவில் கடலுக்குப் போகிறவனிடம் போய்ச்சேர வேண்டும். அவன் திரும்பி வரும் கரையில் அவனுக்குரிய மருந்து இருக்கவேண்டும்.